சனிக்கிழமை நீலத்திரை

கோவிந்தாபுரம்,
திண்டுக்கல்.
19.9.2004, ஞாயிறு

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். உன் அப்பா நன்றாக இருக்கிறாரா என்பது இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரிந்துவிடும். மெல்போர்னில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அபிராமி அம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன், எடுத்த பிறகு வேறு சிலதும் வேண்டிக்கொண்டேன், அது பிறகு. வாராவாரம் போனில் பேசுகிறோமே, திடீரென்று கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் இளகிவிடுவேன், இந்தத் தடவை இளகுவதாக இல்லை. இன்னொன்று, எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற கெட்ட பழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்தக் கடிதத்தை அப்படிப் புரட்டினாயோ, என் மேல் ஆணை. வரிசையாகப் படி. நான் பட்டதெல்லாம் பட்ட வரிசையிலேயே நீயும் படவேண்டும். ஊர்ச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை, குழாயில் தண்ணீர் வந்து பதிமூன்று நாளாகிறது, பக்கத்து வீட்டு மெஹராஜ் அவள் வீட்டுப் போர்வெல் தண்ணீரில் தினம் நான்கு குடம் தருகிறாள், என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

இனி கம்ப்யூட்டர் விஷயம். நீ அனுப்பிய பணத்தில் போன வருஷம் ஆயுத பூஜை வாரத்தில் வாங்கினோம் என்பது உனக்குத் தெரியும். எந்தக் கடையில் என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற சிவபிரகாஷ் கடையில்தான் வாங்கினோம். ஆமாம், அதே சிவபிரகாஷ்தான். என் ஒன்றுவிட்ட அண்ணன் மகன். உனக்கு நிச்சயம் பண்ணி, தட்டு மாற்றி, நூற்றைம்பது பேருக்கு இலை போட்டுச் சாப்பாடு போட்ட பதினெட்டாம் நாள் நம் வீட்டுக் கூடத்தில் வந்து நின்று, எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமில்ல அத்தை, என்னைய மன்னிச்சிருங்க என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னவன். காரணம் கேட்டேன், வாயைத் திறக்கவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினேன், அப்போதும் திறக்கவில்லை. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் ஊர் யாரைப் பேசும், பெண்ணைத்தான் பேசும். பேசினார்கள். நத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் இலையிலேயே உட்கார்ந்துகொண்டு, புள்ளைக்கு உடம்புல என்னமோ குறையாம்ல என்று பேசினார்கள். நான் அந்தப் பேச்சைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கினேன். நீ மூன்றாம் மாதம் படிக்க விமானம் ஏறிவிட்டாய், இங்கே இருந்து எல்லாவற்றையும் கேட்டவள் நான். அன்றைக்கே கறுவிக்கொண்டேன், இவன் எந்தக் கூடத்தில் தலையைக் குனிந்தானோ அதே கூடத்தில் இவனை மறுபடி மறுபடி குனிய வைக்காமல் விடமாட்டேன் என்று.

அவன் கடையில் வாங்கலாம் என்று சொன்னது உன் அப்பாதான். நல்ல பையன், நம்பி வாங்கலாம் என்று இழுத்தார். நல்ல பையனாம்! கரண்டியைத் தூக்கி எறியாத குறைதான். ஆனால் கடையில் போர்டு மாட்டியிருந்தான், ஒரு வருஷம் வீட்டுக்கே வந்து இலவச சர்வீஸ் என்று. அதைப் படித்ததும் எனக்கு அம்மனே வழிகாட்டியது போல் இருந்தது. கூப்பிட்டால் வரவேண்டும், கூலி கேட்கக் கூடாது, எதிர்த்துப் பேச முடியாது. சரி, இங்கேயே வாங்குவோம் என்றேன். என் மனசு ஆறிவிட்டது என்று உன் அப்பாவுக்கு அம்புட்டு சந்தோஷம். கூடத்தில் சாமி அலமாரிக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டு, டிவி மாதிரி இருப்பதை மேஜை மேலும் பெட்டியைக் கீழே தரையிலும் வைத்தோம். முப்பது வருஷம் கூட்டுறவு சொசைட்டியில் டைப் அடித்த விரல்கள் எனக்கு, ஒரே மாதத்தில் பழகிக்கொண்டு மூன்று டியூஷன் சென்டர்களுக்கு வினாத்தாள் அடித்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். உன்னைப் பற்றிப் பேசிய வாயெல்லாம் இப்போது என்னிடம் வந்து பயோடேட்டா அடித்துக் கேட்டன.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பத்தாம் வகுப்பு அறிவியல் தாளில் பாதி அடித்திருந்தேன், திரை படக்கென்று நீலமாகிவிட்டது. முழு நீலம். அதில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில், ஏதோ கோளாறு கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, கம்ப்யூட்டர் கெட்டுப்போகாமல் இருக்க நிறுத்திவிட்டோம், இந்தத் திரையை நீங்கள் பார்ப்பது முதல் தடவையானால் அணைத்துவிட்டுப் போடுங்கள் என்று. அடியில் பூஜ்யம் பூஜ்யமாக ஒரு நீள நம்பர். அடித்த தாள் போயே போயிற்று. எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், வரவில்லை. கை தானாகப் போன் பக்கம் போயிற்று. அவன் முக்கால் மணி நேரத்தில் ஸ்குரூ டிரைவர் பையோடு வந்து நின்றான். வாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியும் போடவில்லை. பட்டமளிப்பு அங்கி போட்ட உன் போட்டோவைக் கம்ப்யூட்டர் வாங்கிய அன்றைக்கே அலமாரியிலிருந்து இறக்கி மேஜைக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டியிருந்தேன், நிமிர்ந்தால் உன் முகத்தைப் பார்க்கவேண்டும், குனிந்தால் என் காலைப் பார்க்கவேண்டும். சர்க்கரை போடாத காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, நல்லாருக்கு அத்தை என்றான். அத்தையாம் அத்தை.

அன்றைக்கு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிவிட்டு, இனி வராது என்று சொல்லிப் போனான். அடுத்த சனிக்கிழமை வந்தது. கரண்ட் ஏறி இறங்குவதால் இருக்கும் என்று யூபிஎஸ் கொண்டுவந்து வைத்தான். வந்தது. பிரிண்டருக்கு உள்ள சாஃப்ட்வேர் ஒத்துவரவில்லை என்று அதை எடுத்துவிட்டு வேறு போட்டான். வந்தது. மெமரி என்று விரல் நீளத்தில் பச்சைப் பட்டை ஒன்று உள்ளே இருக்கிறது, அதைக் கழற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினான். இரண்டு சனிக்கிழமை சும்மா இருந்தது, மூன்றாம் சனிக்கிழமை வந்தது. பெட்டியையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து நாள் நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தான், அங்கே ஒரு குறையும் சொல்லாமல் ஓடியதாம். கொண்டுவந்து வைத்தான், நம் வீட்டில் மறுபடி நீலம். ஒவ்வொரு தடவையும் வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, ஒரு பொருளைக் குடுத்தா வார்த்தைக்கு நிக்கணும், வார்த்தை தவறுறது சில பேருக்குப் பரம்பரை வியாதி போல என்று நான் கேட்பேன். அவன் தரையில் மண்டிபோட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டபடி, பாத்துருவோம் அத்தை என்பான். மெஹராஜ்கூட ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, ஏங்க்கா, பாவம் அந்தத் தம்பி, வேர்த்து ஊத்துது, ஒரு ஃபேனையாவது போட்டு விடுங்க என்றாள். போடவில்லை.

நான் டைப்பிஸ்ட் அல்லவா, நீலம் வருகிற ஒவ்வொரு தடவையும் தேதி, கிழமை, நேரம், அடியில் இருக்கிற நம்பர் எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்து வந்தேன், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனால் உதவும் என்று. மாசி மாதம் ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது. பதினொரு தடவையில் ஒன்பது சனிக்கிழமை, இரண்டு வெள்ளிக்கிழமை ராத்திரி. திங்கள் செவ்வாயில் ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் என்ன நடக்கிறது? வீட்டைக் கழுவி, விளக்கேற்றி, கம்ப்யூட்டரில் அம்மன் பாட்டைப் போட்டுவிட்டு, தூபக்காலில் கங்கு போட்டுச் சாம்பிராணி அள்ளித் தூவுகிறேன். அலமாரிக்குக் கீழே தூபக்காலை வைக்கிற இடத்திலிருந்து பெட்டி ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது. முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்தேன். புகை சாமிக்குப் போகவில்லையடி, அத்தனையும் வளைந்து பெட்டியின் முன்பக்க ஓட்டைகளுக்குள் போகிறது. உள்ளே ஓடுகிற குட்டி ஃபேன் இழுக்கிறது. அந்தப் பிசினும் சாம்பலும் தூசியும் சேர்ந்து ஃபேனில் அப்பி, ஃபேன் இறுகி, உள்ளே சூடு ஏறி, ராத்திரியோ மறுநாள் காலையோ நீலம் அடிக்கிறது. இஞ்சினியரிங் படித்தவனுக்குத் தெரியாதது எஸ்எஸ்எல்சி படித்த எனக்குத் தெரிந்துவிட்டது. தூபக்காலை அடுப்படிக்கு மாற்றியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மளிகைக் கடையில் கால் கிலோ வாங்குகிற சாம்பிராணியை அந்த வாரத்திலிருந்து அரைக் கிலோ ஆக்கினாள்.

சிரிக்காதே, எழுதும்போது எனக்கே கூசுகிறது. ஆனால் அன்றைக்குக் கூசவில்லை. தூபக்காலைப் பெட்டிக்கு முன்னாலேயே வைத்து, விசிறியை எடுத்து வீசினேன். என் மகள் பெயரைக் கெடுத்தவன் நாளைக்கு வந்து குனியட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வீசினேன். உன் அப்பா இருமிக்கொண்டே வந்து, என்னத்துக்கு இம்புட்டுப் புகை என்றார், கொசு என்றேன். வேலை இருக்கிற வாரம் நிறைய வீசமாட்டேன், தாள் அடித்து முடித்த வாரம் தாராளமாக வீசுவேன், அப்படிக் கணக்காக நடத்தினேன். சித்திரையில் அவன் முதல் தடவையாக அந்த உள் ஃபேனையே கழற்றினான். கையில் வைத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அலமாரியைப் பார்த்தான், தூபக்காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். துணியைப் பெட்ரோலில் நனைத்துத் துடைத்து மாட்டிவிட்டு, தூசி அத்தை என்று சொல்லிப் போய்விட்டான். மக்கு என்று நினைத்துக்கொண்டேன். சித்திரைக்கும் ஆவணிக்கும் நடுவில் இன்னும் ஒன்பது தடவை வரவழைத்தேன். ஆடி வெயிலில் சைக்கிளில் வந்தான், வண்டி பஞ்சர் என்று. அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. ஆவணியில், போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை, சேவுகம்பட்டியிலிருந்து ராமர் என்று ஒருவர் தன் மச்சானோடு வந்தார். தென்னந்தோப்பும் பூக்காடும் வைத்திருக்கிறவர், வெள்ளை வேட்டி, நிதானமான மனிதர். ஒரே மகள், டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண்ணாம். சிவபிரகாஷுக்குக் கேட்டிருக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய் ஐப்பசியில் முகூர்த்தம் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. நம் பக்கத்து வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு தடவை நிச்சயமாகி முறிந்த மாப்பிள்ளை என்றால், முறிந்துபோன வீட்டிலேயே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார்கள். கேக்குறது சங்கடந்தேன் தாயி, ஆனா எனக்கும் ஒத்தப் பொண்ணு, நீங்க ஒண்ணும் பழுதில்லன்னு சொல்லிட்டா நான் கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துருவேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று வருஷமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். கூப்பிட்டுக் குனிய வைத்ததெல்லாம் இதற்கு முன்னால் தூசு.

நான் கத்தவில்லை, அழவில்லை. நாற்காலி போட்டு, நல்ல காப்பி கொடுத்து, மெதுவாகச் சொன்னேன். பூ வைத்த பெண்ணைப் பதினெட்டாம் நாள் காரணம் சொல்லாமல் கைகழுவினான், இப்போதும் கேட்டால் காரணம் வராது, கல்யாணத்துக்கு முதல் நாள் உங்கள் பெண்ணையும் இப்படிச் சொன்னால் நீங்கள் எங்கே போவீர்கள் என்றேன். இதோ இந்தக் கம்ப்யூட்டர், இவன் கொடுத்ததுதான், வருஷத்தில் இருபது தடவைக்கு மேல் நின்றுவிட்டது, கொடுக்கிற பொருளும் அப்படித்தான், கொடுக்கிற வாக்கும் அப்படித்தான் என்று நோட்டைப் பிரித்துக் காட்டினேன். காட்டினேனடி, அந்த நோட்டை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதி தேதியாகப் படித்தார், அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் அப்பா அடுப்படி வாசலில் நின்றுகொண்டு ஏதோ சொல்ல வந்தார், நான் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். மறுநாளே சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்று சேதி வந்தது. நான் கேசரி கிண்டினேன். முந்திரி நிறையப் போட்டுக் கிண்டினேன். உன் அப்பா தொடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவனைக் கூப்பிட்டேன். நீலம்கூட வரவில்லை, அவன் முகத்தைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். வந்தான். ஷேவ் பண்ணவில்லை. எப்போதும் போல மண்டிபோட்டுப் பெட்டியைத் திறந்தான். வேண்டாம்னு சொன்னா எப்படி இருக்கும்னு இப்பத் தெரியுதா என்று கேட்டேன். ஃபேனைத் துடைத்துக்கொண்டே, தெரியுது அத்தை என்றான். துடைத்து மாட்டி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து, வாரண்டி அடுத்த மாசம் முடியுது, அதுக்கப்புறம் ஃபேன் போச்சுன்னா உங்க காசு, அதனால சாம்பிராணிய இனிமே அந்தப் பக்கமா வச்சுக்கங்க என்றான். எப்பத் தெரியும் என்றேன். சித்திரையில இருந்து தெரியும் என்றான். தெரிந்தும் ஏன்டா வந்தே என்றேன். நீங்க கோவமா இருந்தீங்க, அந்தக் கோவத்தக் கொட்ட ஒரு எடம் வேணும்ல அத்தை, வந்து வாங்கிட்டுப் போனா ஆறும்னு பாத்தேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு நின்ற அதே இடத்தைத் தாண்டி, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். உன் போட்டோவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் தெருமுனை திரும்புகிற வரைக்கும்தான் உன் அப்பா பொறுத்தார். அப்புறம் உடைந்தார். ஒங்கொப்பன் அழுது நான் பார்த்தது அதுதான் இரண்டாம் தடவை. அடியே, அவன் வேண்டாம்னு சொல்லல, ஓம் மகதேன் அவனச் சொல்லச் சொன்னா என்றார். நிச்சயம் முடிந்த பத்தாம் நாள் உனக்கு மெல்போர்னில் படிக்க இடம் கிடைத்த கடிதம் வந்ததாமே. அதை ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டு அவன் கடைக்குப் போனாயாமே. நான் மாட்டேன்னு சொன்னா அம்மா என்னைய உயிரோட விடாது, அத்தான், நீங்க வேண்டாம்னு சொல்லிருங்க, காரணம் மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க என்று கெஞ்சினாயாமே. விமானம் ஏறுகிற அன்றைக்கு மனசு உறுத்தி அப்பாவிடம் மட்டும் சொன்னாயாம், அவர் கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாயாம். மூன்று வருஷம்! இந்த மனுஷன் மூன்று வருஷம் என் கையால் சோறு தின்றுகொண்டு, நான் புகை வீசுவதைப் பார்த்துக்கொண்டு, இருமிக்கொண்டு, பேசாமல் இருந்திருக்கிறார். அன்றையிலிருந்து இன்று வரைக்கும் அவருக்கு வெறும் சோறும் ரசமும்தான், வெஞ்சனம் கிடையாது, அப்பளம்கூடக் கிடையாது. எய்தவள் மெல்போர்னில் இருக்க நான் இங்கே அம்பைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வத்தலக்குண்டு போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் சேவுகம்பட்டி போனேன், முழங்கால் வலியோடு. ராமர் களத்தில் ஆட்களோடு தேங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதெல்லாம் தப்பு, தப்பு என் மகள் மேல், பையன் தங்கம் என்றேன். நோட்டும் பொய், சாம்பிராணி போட்டது நான்தான் என்று அதையும் சொன்னேன். அத்தனை ஆட்கள் நடுவில் சொன்னேன், இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. போன வாரம் ஒண்ணு சொன்னீக, இந்த வாரம் ஒண்ணு சொல்றீக, இதுல எத நான் நம்ப, சொந்தக்காரப் பய பொழைக்கட்டும்னு யாராச்சும் சொல்லி அனுப்பினாகளோ என்னமோ, எனக்குத் தெரியாதுல்ல தாயி என்றார். நியாயமான பேச்சு. கடைசியில், யாருக்கு நிச்சயம் பண்ணுனாகளோ அந்தப் புள்ளையே தன் கைப்பட எழுதட்டும், நடந்தது இதுன்னு, ஐப்பசி பொறக்குற வரைக்கும் பொறுக்கேன், அதுக்கு மேல வத்தலக்குண்டுல வேற ஒரு எடம் கேட்டு வந்துருக்காக, என்னால தள்ள முடியாது என்றார். அந்தப் பெண் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றாள். நான் கிளம்பும்போது ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவள் கண் கேட்டது. அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, பானு.

ஆகவே நீ எழுதப்போகிறாய். ஐப்பசி ஒன்று அக்டோபர் பதினேழாம் தேதி வருகிறது. இந்தக் கடிதம் உனக்கு வந்து சேரப் பதினான்கு நாள், நீ எழுதுவது அவருக்குப் போய்ச் சேரப் பதினான்கு நாள், இடையில் உனக்கு யோசிக்க ஒரு நாள்கூட நான் விடவில்லை. ஈமெயில், போன் என்று எதையும் சொல்லாதே, கைப்பட, தமிழில், உன் கையெழுத்துப் போட்டு. இதோடு ஒரு கவர் மடித்து வைத்திருக்கிறேன், ராமர் விலாசம் என் கையால் எழுதியிருக்கிறேன், உன் ஊர்த் தபால் தலை ஒட்டிப் போடவேண்டியதுதான் உன் வேலை. நான்தான் சொல்லச் சொன்னேன் என்று முதல் வரியிலேயே எழுது, சுற்றி வளைக்காதே. படிப்பு, லட்சியம், சூழ்நிலை என்று கட்டுரை எழுதாதே. நீ எழுதவில்லையானால் சொல்லிவிட்டேன், நத்தம் பந்தியில் பேசியவர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் நானே நடந்துபோய் உண்மையைச் சொல்வேன், உன் போட்டோவையும் எடுத்துக்கொண்டு போவேன். ஒரு வருஷம் ஒருத்தனைச் சனிக்கிழமை தோறும் வரவழைத்தவள் நான், என் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

தெரியும் என்று எழுதிவிட்டுச் செத்த நேரம் பேனாவை வைத்துவிட்டேன். அதுதானே விஷயம். உனக்கு என் பிடிவாதம் தெரியும், அதனால்தான் என்னிடம் வராமல் அவனிடம் போனாய். படிக்கப் போகிறேன் அம்மா, கல்யாணம் வேண்டாம் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பத்து நாளாக யோசிக்கிறேன். விட்டிருப்பேன் என்று எழுத ஆசைதான். எழுத முடியவில்லை. அறைந்து அறையில் போட்டுப் பூட்டியிருப்பேன். அந்த நாற்பது பக்க நோட்டைப் புரட்டிப் பார்த்தால் நீ என்னைப் பார்த்துப் பயந்தது தப்பில்லை என்று ஒவ்வொரு தேதியும் சொல்கிறது. பெற்ற பிள்ளை பயந்து இன்னொருவன் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற மாதிரி நான் இருந்திருக்கிறேன், அது எனக்கு வலிக்கிறது, ரொம்ப வலிக்கிறது. அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. என் பங்குக்கு நான் சேவுகம்பட்டிக் களத்தில் நின்றுவிட்டு வந்துவிட்டேன். உன் பங்கு பாக்கி இருக்கிறது.

தூபக்காலை அடுப்படிக்கு மாற்றிவிட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை போய்விட்டது, நீலம் வரவில்லை, இனியும் வராது. நேற்று சனிக்கிழமை, கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரையும் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. உன் போட்டோவை மேஜைக்கு மேலிருந்து கழற்றிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அவன் கல்யாணம் நடந்தால் முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசம் சாப்பிடுவேன், நீயும் லீவு போட்டு வந்து அவன் முன்னால் நின்று உன் வாயால் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவேண்டும், தலையைக் குனிந்துகொண்டு, நம் வீட்டுக் கூடத்தில் அவன் நின்ற அதே இடத்தில்.

குளிர் ஏறாமல் ஸ்வெட்டர் போட்டுக்கொள், காலையில் வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டு ஓடாதே, தலைக்கு எண்ணெய் வை. அபிராமி அம்மன் உனக்கு நல்ல வேலையும் நீண்ட ஆயுளும் மனசுக்குப் பிடித்தவனையும் கொடுக்கட்டும். நிம்மதியான தூக்கத்தை மட்டும் அந்தக் கவரைத் தபால் பெட்டியில் போட்ட பிறகு கொடுக்கட்டும் என்று வேண்டியிருக்கிறேன், முதலில் பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு தன் பெயரையும் போடச் சொல்கிறார், போடமாட்டேன். உன் கடிதம் சேவுகம்பட்டி போய்ச் சேர்ந்தது என்று தெரிகிற அன்றைக்கு அவருக்கு வெஞ்சனம் வைப்பேன், ஆகையால் அவர் வயிறும் உன் கையில்தான் இருக்கிறது. கவர் இந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிறது, மறக்காதே.

இப்படிக்கு,
மூன்று வருஷம் வேறு ஒருவன் மேல் கோபமாக இருந்துவிட்ட
உன் அம்மா,
பொன்னழகு